இறந்த இடம்

முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மெர்சி காலைப் பார்த்துவிடுவாள். கிராம நிர்வாக அலுவலரானாலும் சரி, சபைப் போதகரானாலும் சரி, முதல் பார்வை செருப்புக்குத்தான். "சார், லெஃப்டுல வார் பிச்சிக்கினு வருது பாருங்க. உள்ள நூலு இத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொல்வாள். அவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்வார். அந்தக் கோபத்திலேயே "அப்புறம் வாம்மா" என்று பாதிப் பேர் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்கு அது தெரியாமல் இல்லை. வாய் நிற்பதில்லை, அவ்வளவுதான்.

ஆம்பூரை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து முடித்த ஷூ மேல்தோல் ஒவ்வொன்றாக மேஜைக்கு வரும். கையால் தடவுவாள், மடக்குவாள், வெளிச்சத்தில் திருப்புவாள். தையல் தாண்டியிருந்தாலோ, தோலில் கீறல் இருந்தாலோ ஏப்ரன் பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து ஒரு சின்னச் சிவப்பு அம்பை ஒட்டுவாள். அம்பின் முனை குறையின் மேல் சரியாகப் பட வேண்டும். பக்கத்தில் ஒட்டினால் அவளுக்கு ஆகாது. புதிதாக வந்த பெண்கள் அப்படி ஒட்டினால் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்வாள். "தப்பு எங்கன்னு காட்டணும்மே. சும்மா ரிஜெக்ட்டுன்னு தூக்கிப் போட்டா தச்சவளுக்கு இன்னா தெரியும்?"

இந்த அம்புகள் கம்பெனியோடு நிற்பதில்லை. ஒழுகும் குடத்தில் ஒன்று, மகள் தப்பாகப் போட்ட கணக்கில் ஒன்று, தேதி மாற்றி அச்சடித்த சபை அறிவிப்பில் ஒன்று. ஒருநாள் குடித்துவிட்டு வந்து படுத்த புருஷன் இன்பராஜின் நெற்றியிலும் ஒன்று ஒட்டினாள். அவன் காலையில் அதைக் கவனிக்காமல் தோல் பதனிடும் டேனரிக்கு ஷிப்டுக்குப் போய், அம்போடு பகல் முழுக்க தோல் ஊறும் டிரம்மை ஓட்டிவிட்டு வந்தான். பக்கத்து வீட்டு அக்தர் பானுவுக்கு இன்றைக்கும் அதைச் சொன்னால் சிரிப்பு அடங்காது.

இன்பராஜ் செத்தது இந்தக் கோடையில். பாலாற்றுக்கு அக்கரையில் உள்ள டேனரியில், கழிவுத் தொட்டிக்குள் அடைப்பு எடுக்க இறக்கிவிட்டார்கள். இறங்கியவன் ஏறவில்லை. அந்த நேரத்தில் மெர்சி கம்பெனியில் மேஜை முன்னால் நின்றிருந்தாள். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிற கம்பெனி. செய்தி செக்யூரிட்டி வழியாக, சூப்பர்வைசர் வழியாக, சாவகாசமாக வந்து சேர்ந்தது. அவள் வீட்டுக்கு ஓடியபோது இன்பராஜைக் குளிப்பாட்டி, வெள்ளை வேட்டி கட்டி, கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வீடெல்லாம் சோப்பு வாசனை. நகங்களில் மட்டும் டேனரி ரசாயனத்தின் நீலம் போகாமல் இருந்தது. தலைமாட்டில் டேனரி மேஸ்திரி ராமலிங்கம் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"தல சுத்துதுன்னு வீட்டுக்கு வந்தாரும்மா. படுத்தாரு. அப்டியே போய்ட்டாரு" என்றார் மேஸ்திரி. மாரடைப்பு என்று யாரோ ஒரு டாக்டர் எழுதிய சீட்டும் அவர் சட்டைப் பையில் தயாராக இருந்தது.

மெர்சி அவரைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள். பூட்டு உடைந்து தொங்கியது. அந்த வீட்டுக்கு ஒரே ஒரு சாவி. அது அவளுடைய டிபன் பைக்குள் இருந்தது.

என்ன துணிச்சல் பாருங்கள். பட்டப்பகலில், ஷிப்டு பாதியில் இருக்கும்போது வீட்டுக்கு வந்து, தன் வீட்டுப் பூட்டைத் தானே உடைத்து, சோப்புப் போட்டுக் குளித்து, சலவை வேட்டி கட்டிக்கொண்டு சாவதற்குப் படுத்தானாம் ஒரு மனிதன். இதைச் சொல்கிறவருக்குக் கூச்சமில்லை, கேட்டு எழுதிக்கொள்கிறவருக்கும் இல்லை. அந்த டேனரிக்குள் இதுவரை ஒருவரும் செத்ததே கிடையாது. விழுந்தவர்கள் எல்லாம் போகிற வழியில் செத்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரி வாசலில் செத்திருக்கிறார்கள், அல்லது வீட்டில் செத்திருக்கிறார்கள். விழுந்த ஆளை முதலில் காம்பவுண்டுக்கு வெளியே கொண்டுபோவதுதான் அங்கே வழக்கம். வைத்தியமெல்லாம் அப்புறம்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். "பொதைச்சிட்டு வந்து சொல்றியே" என்றார்கள். சரி, சாவையாவது உள்ளபடி எழுதி வாங்கலாம் என்று ஆற்றுப் பாலத்தைக் கடந்து டேனரி இருக்கிற கிராமத்து அலுவலகத்துக்குப் போனாள். செத்த இடத்தில்தான் பதிவு என்பது சட்டம். "பாக்கறேன், அடுத்த வாரம் வா" என்றார் அங்கே இருந்தவர். அடுத்த வாரம் சர்வர் வேலை செய்யவில்லை. அதற்கடுத்த வாரம் அவர் மீட்டிங்கில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்கும் லீவு, கம்பெனிக்கும் லீவு. அதனால் ஒவ்வொரு தடவையும் வேலைநாளில் பர்மிஷன் போட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தாள். கோடை போய் மழை வந்த பிறகுதான் அந்த மனிதர் வாயைத் திறந்தார்.

"செத்தவரு டவுன் ஆளும்மா. டவுன்ல போய்க் கேளு."

"ஆளு எந்த ஊருன்னா சார் கேட்டேன்? செத்தது இங்க."

"இங்க செத்ததா எந்த ரெகார்டும் இல்ல."

"அதத்தான் சார் எழுதச் சொல்றேன்!"

அவர் ஃபேனைப் பார்த்தார்.

இதற்கிடையில் வீட்டில் எல்லாமே அந்த ஒரு தாளுக்காகக் காத்திருந்தது. அது இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் இல்லை. வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் பேங்க்கில் இன்பராஜ் பேரில் இருப்பதைத் தொட முடியாது. மகள் காலேஜில் முதல் வருஷம். உதவித்தொகைக்கு அப்பாவின் இறப்புச் சான்றிதழை இந்த வாரத்துக்குள் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். "எப்டி எழுதினா இன்னா மெர்சி, போன உசுரு வரப்போவுதா? கெடைச்சத வாங்கிக்க" என்று நாத்தனார் சொன்னாள். போதகரும் அதையே வசனத்தோடு சொன்னார். மெர்சி கேட்டுக்கொண்டாள். போதகரின் வலது ஷூவில் ஒட்டு விட்டிருப்பதைச் சொல்லிவிட்டு வந்தாள்.

கடைசியில் ஒருநாள் காலை, அதே ஏப்ரனோடு அவளை டவுன் நகராட்சிக்குக் கூட்டிப்போனவன் நிசார் அஹமது. இன்பராஜை டேனரியிலிருந்து வீட்டுக்கு ஏற்றிவந்தது அவனுடைய டெம்போதான். "ஏத்தும்போதே மூச்சு இல்லக்கா" என்று அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் அவளிடம் சொல்லி அழுதவன். எழுதிக் கொடுப்பாயா என்றால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வான். "டேனரி லோடு இல்லன்னா என் வண்டி ஓடாதுக்கா. பேஜாரா கீது எனக்கு." அவள் அவனைத் திட்டியதில்லை. அன்றைக்கும் டெம்போவை ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டு அவன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டான்.

நகராட்சி எழுத்தர் பெயரையும் தேதியையும் தட்டினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"இன்பராஜ். இருக்கே! அடக்கம் ஆன மறுநாளே பதிவாகியிருக்கு. நீங்கதாம்மா லேட்டு" என்றார்.

மெர்சி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். "யாரு சார் பதிஞ்சது?"

"ராமலிங்கம்னு ஒருத்தர். உறவினர்னு போட்டிருக்கு."

"மேஸ்திரி எனக்கு எந்த வழியில சார் ஒறவு?"

எழுத்தர் ஒரு பட்டனைத் தட்டினார். பிரிண்டர் கரகரத்தது. சீல் வைத்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, தாளை ஜன்னல் வழியாக நீட்டினார். பெயர் சரி. தகப்பனார் பெயர் சரி. தேதியும் சரி. மேல்தோலைத் தடவுகிற மாதிரி ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டு வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள். இறந்த இடம்: வீடு.

"சார், இது தப்பு. இவரு டேனரில செத்தாரு."

"எழுத்துப் பிழைன்னா மாத்தலாம்மா. செத்த எடத்த எல்லாம் மாத்த முடியாது."

"நான் எங்க சார் மாத்தச் சொன்னேன்? மாத்தினது நீங்க! தொட்டில செத்தவனத் தூக்கிக்கினு வந்து எங்க வீட்ல போட்டுட்டீங்க. பூட்டு ஒடைஞ்சது என் வீட்ல. குளிப்பாட்டினது என் சோப்பு. இப்ப அவரு சாவும் என் வீட்டு மேலயா?"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எழுத்தரின் குரல் இறங்கியது. அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, உன் நல்லதுக்குச் சொல்றேன். பொண்ணு படிக்குதுன்ற. இத வாங்கிக்கினு போனா நாளைக்கே எல்லா வேலையும் நடக்கும். திருத்தணும்னு எழுதிக் குடுத்தா விசாரணை, சாட்சி, ஆர்.டி.ஓ.ன்னு எங்க போய் நிக்குமோ தெரியாது. இப்ப ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டு வாங்கிக்க."

மெர்சி தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மகளின் காலேஜ் ஞாபகம் வந்தது. வாசலில் டெம்போவுக்குள் குனிந்து உட்கார்ந்திருக்கும் நிசார் தெரிந்தான். ஜன்னலுக்குக் கீழே, பலகைத் தடுப்பின் இடுக்கில், எழுத்தரின் செருப்பும் தெரிந்தது. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து, அடிப்பாகம் வாயைப் பிளந்திருந்தது. முதல் தடவையாக அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். ஸ்டிக்கர் தாளிலிருந்து ஒரு சிவப்பு அம்பை நகத்தால் கிள்ளி எடுத்து, முனை 'வீடு' என்ற சொல்லில் படும்படி வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, சான்றிதழை ஜன்னலுக்குள் திருப்பித் தள்ளினாள்.