கொய்யாக்கூடையில் விழுந்த பந்து

1. சாய்ந்த ரிங்

பீளமேட்டில் ஒரு பள்ளி மைதானம். பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டம். போத்தனூர் அணியும் சூலூர் அணியும் கோர்ட்டில் இறங்கிவிட்டன. உடற்கல்வி ஆசிரியையான நான்தான் ரெஃப்ரி. ஆட்டத்தைத் தொடங்கும் ஜம்ப் பாலுக்காகப் பந்தைத் தூக்கப் போன நொடியில் என் கண் வடக்குப் பக்க ரிங்கில் போய் நின்றது. வளையம் முன்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

வார்ம்-அப் தொடங்குமுன் நானே பார்த்திருந்தேன், அப்போது நேராக இருந்தது. ஏணி கொண்டுவரச் சொல்லி ஏறினேன். ரிங்கைப் போர்டோடு பிடித்திருக்கும் இரும்புத் தகட்டில் வெல்டிங் விட்டுப்போய் விரிசல் ஓடியிருந்தது. காலையில் நடந்த ஆண்கள் ஆட்டத்தில் ஒரு நெட்டைப் பையன் அந்த ரிங்கைப் பிடித்துத் தொங்கியதும், கூட்டம் விசிலடித்ததும் நினைவுக்கு வந்தன.

போட்டியை நடத்தியவர் செந்தில்நாதன். மோட்டார் பம்பு பட்டறை வைத்திருப்பவர், விளையாட்டு என்றால் உயிர். அவர் ஓடி வந்தார்.

"என்னங்க மேடம், ரெண்டு விரக்கடை சாஞ்சா என்னங்க ஆயிப்போகும்? ரெண்டு டீமும் பாதி நேரம் அந்தப் பக்கந்தானுங்களே ஆடப்போறாங்க."

"சாஞ்சதுக்காகச் சொல்லலீங்க. பொண்ணுக தலை மேல கழண்டு உளுந்தா ஆருங்க பதில் சொல்றது?"

மாற்று ரிங் இல்லை. ஆட்டத்தை ரத்து செய்து கோப்பையை இரு அணிக்கும் பொதுவாகக் கொடுத்துவிடலாம் என்று மேடையில் பேச்சு எழுந்தது. ஒரு கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். அவர் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் இந்தப் பெண்களில் சிலருக்குப் படிப்பே கிடைத்த மாதிரி. அவரோ கிளம்புவதற்காக எழுந்து நின்றுவிட்டார்.

சூலூர் கேப்டன் கௌசல்யா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "பாதிக் கோப்பை வேண்டாங்க டீச்சர். தோத்தாலும் பரவால்லீங்க, ஆடோணுங்க."

அதைக் கேட்ட செந்தில்நாதன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். ரிங்கைக் கழற்றி பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு, பட்டறையில் நிமிர்த்தி வெல்டிங் வைத்துக் கொண்டுவருகிறேன், அதுவரை கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வையுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பறந்தார்.

2. மைக்கைப் பிடித்தேன்

எனக்கு விசில் பழக்கம், மைக் பழக்கமில்லை. ஆனால் ஜனங்கள் எழத் தொடங்கிவிட்டார்கள். மைக்கை வாங்கி, ரிங் ரிப்பேர் ஆகிறது, பொறுங்கள் என்றேன். கேட் ஓரம் கொய்யாக்காய் விற்றுக்கொண்டிருந்த மாராத்தாக்கா அங்கிருந்தே கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, கூடைப்பந்துங்கறீங்க. கூடையே காணோமேங்க. வெறும் வளையந்தானே தொங்குது?"

கூட்டம் சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. இந்தக் கேள்வியை இத்தனை வருஷத்தில் என்னிடம் யாருமே கேட்டதில்லை.

மைக்கிலேயே சொல்ல ஆரம்பித்தேன். அமெரிக்காவில் ஒரு குளிர்காலம். வெளியே பனி, மைதானத்தில் கால் வைக்க முடியாது. உள்ளே அடைந்து கிடந்த மாணவர்கள் வெறும் உடற்பயிற்சி செய்து சலித்து வம்பு பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக ஓர் உடற்கல்வி ஆசிரியர் புதிதாக ஒரு ஆட்டத்தை யோசித்தார். இலக்காகத் தொங்கவிட இரண்டு பெட்டி வேண்டும் என்று கட்டடப் பணியாளரிடம் கேட்டார். அவரிடம் பெட்டி இல்லை, பீச் பழக் கூடைதான் இருந்தது. பெட்டி கிடைத்திருந்தால் இந்த ஆட்டத்துக்குப் பெயரே வேறாக இருந்திருக்கும்.

கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்துக்குள் இருந்த மாடிக் கைப்பிடியில் ஆணி வைத்து அடித்தார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி. யாரும் ஆராய்ந்து முடிவு செய்த உயரம் இல்லை. இன்றும் உலகம் முழுக்க ரிங் அதே பத்தடியில்தான் இருக்கிறது. பின்னால் இருக்கும் போர்டு எப்படி வந்தது தெரியுமா? மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டார்கள். அவர்களைத் தடுக்க வைத்த மறைப்புதான் அது.

எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். கல்லூரி இயக்குநரும் பையைக் கீழே வைத்தார். மாராத்தாக்கா இரண்டு கூடையைக் கவிழ்த்துக் கொய்யாவைச் சாக்கில் கொட்டிவிட்டு, காலிக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு நேராகக் கோர்ட்டுக்கே வந்துவிட்டார்.

"கட்டுங்க. எப்பிடித்தான் ஆடுனாங்கன்னு பாத்துப்போடலாம்."

3. ஒரே ஒரு கோல்

வடக்கே ரிங் இல்லாத போர்டில் கயிறு போட்டு ஒரு கூடையைக் கட்டினோம். தெற்கே ரிங்கின் மேலேயே இன்னொரு கூடை உட்கார்ந்துகொண்டது. அமெரிக்காவில் நடந்த அந்த முதல் ஆட்டத்தைப் போலவே பக்கத்துக்கு ஒன்பது பேர். அன்றைக்கு அவர்கள் கால்பந்தை வைத்துத்தான் ஆடினார்கள். நாங்களும் விளையாட்டு அறையிலிருந்து கால்பந்தையே எடுத்தோம். பழைய விதிப்படி பந்தோடு ஓடக் கூடாது. பிடித்த இடத்தில் நின்றே எறிய வேண்டும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகரும் டிரிபிள் கிடையாது.

கேட்க எளிது. ஆனால் பிறந்ததிலிருந்து டிரிபிள் பண்ணிய கைகள் சும்மா இருக்குமா? பந்து கைக்கு வந்ததும் தரையில் தட்டினார்கள், நான் விசில் ஊதினேன். மறுபடி தட்டினார்கள், மறுபடி ஊதினேன். பதினெட்டுப் பேரும் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் போத்தனூர் ஷெரினுக்கு அது பிடிபட்டது. குள்ளமான பெண். பந்து வருமுன்பே யாருக்குக் கொடுப்பது என்று பார்த்து வைத்துக்கொண்டாள். கை மாறிக் கை மாறிப் பந்து பறந்து, கடைசியில் அவளிடமே திரும்பி வந்தது. எறிந்தாள். கூடைக்குள் பொத்தென்று விழுந்தது.

மைதானமே எழுந்து கத்தியது. பந்து மட்டும் கீழே வரவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"இப்பிடி ஒவ்வொருக்காவும் ஏணி போட்டா பொழுது உளுந்துருமுங்க. கூடைக்கு அடிய அறுத்துப்போடுங்க" என்றார் மாராத்தாக்கா.

மைக்கை மறுபடி எடுத்தேன். அங்கேயும் இதேதான் நடந்தது என்று சொன்னேன். ஏணி ஏறி அலுத்துப்போய்த்தான் அடியில் ஓட்டை போட்டார்கள், பிறகு அடியே இல்லாமல் போனது. அந்த முதல் ஆட்டத்திலும் விழுந்தது ஒரே ஒரு கோல்தான்.

இவ்வளவு முட்டி மோத எங்களால் ஆகாது என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் சொன்னார். அதே குறையைச் சொன்னவர்களுக்காகத்தான் இன்னொரு உடற்கல்வி ஆசிரியர், டென்னிஸ் வலையை உயர்த்திக் கட்டி, யாரும் யாரையும் இடிக்காத ஆட்டமாக வாலிபாலை உருவாக்கினார் என்றேன். பெரியவருக்கு ஒரே சந்தோஷம்.

அதற்குள் பைக் சத்தம். கை சூடு தாங்காமல் சாக்கில் சுற்றிப் பிடித்தபடி செந்தில்நாதன் ரிங்கைக் கொண்டுவந்தார். மாட்டினோம். மட்டம் பார்க்கும் ஸ்பிரிட் லெவலை வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. டேப் பிடித்தோம், பத்தடி.

4. இறுதி ஆட்டம்

அப்படி ஒரு ஆட்டத்தை நான் பிறகு ஊதியதில்லை. கூடை ஆட்டத்தில் பழகிய பாஸ் அப்படியே இதிலும் வந்தது. தனியாகப் பந்தை வைத்துக்கொண்டு சுற்றவே இல்லை இரண்டு அணியும். கடைசி நிமிடத்தில் சூலூர் ஒரு பாயின்ட் பின்தங்கியிருந்தது. கௌசல்யா மூன்று பேரைத் தாண்டி எம்பிப் போட்டாள். பந்து ரிங்கின் விளிம்பில் ஒரு சுற்று சுற்றி வெளியே விழுந்தது. பஸ்ஸர் ஒலித்தது. போத்தனூர் ஜெயித்தது.

கௌசல்யா தரையில் உட்கார்ந்து அழுதாள். ஷெரின் கோப்பையை வாங்கப் போகாமல் முதலில் அவளிடம் வந்து கை கொடுத்து எழுப்பினாள். இயக்குநர் கடைசிவரை கோர்ட் ஓரத்திலேயே நின்றிருந்தார். அடுத்த வருஷம் அந்த இருவரும் அவர் கல்லூரி அணியில் ஒன்றாக ஆடினார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு புது ரெஃப்ரிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கோடு, உயரம், ஃபவுல் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வதும், விளையாடப் போகும் உங்களிடம் சொல்வதும் ஒன்றுதான். எந்த விதியும் வானத்திலிருந்து விழவில்லை. எங்கோ ஒரு மைதானத்தில் யாருக்கோ ஆட்டம் தடைப்பட்டது. அவர் வீட்டுக்குப் போகாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். உங்கள் ஆட்டம் நின்றாலும் அப்படியே செய்யுங்கள். யாராவது "ஏனுங்க?" என்று கேட்டால், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.