மீட்டர்காரரும் வெந்நீர்த் தொட்டியும்

மறதி என்றால் என்னவென்றே தனக்குத் தெரியாது என்று மீட்டர்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர். எந்த வீட்டில் எந்தக் கதவுக்குப் பின்னால் மீட்டர், எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் என்று இன்றைக்கும் ஒப்பிப்பார். ஓய்வு பெற்ற பிறகு கேட்க ஆள் கிடைக்காமல் மனைவியிடம் ஒப்பித்தார். அவள் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "மீட்டர் நம்பர் எல்லாம் ஞாபகம் இருக்கு, பால் வாங்கிட்டு வரச் சொன்னது மட்டும் ஞாபகம் இல்ல" என்று ஒரே போடாகப் போடுவாள். அவளுக்கு வாய் நீளம். காலையில் ஒரு தரமாவது அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாவிட்டால் அவருக்கும் பொழுது விடிந்த மாதிரி இருக்காது.

ஓய்வு பெற்றதும் அவர் ஒரு பழைய கேரவன், அதாவது காரில் கட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி, வாங்கினார். ஊரோரத்தில் கேரவன்கள் வரிசையாக நிற்கும் மைதானத்தில் ஓர் இடம் பிடித்து, இரண்டு பேரும் அதிலேயே குடியேறினார்கள். குளிர்காலம் முடிந்ததும் வண்டியை இழுத்துக்கொண்டு கடற்கரை கடற்கரையாகப் போவதாகத் திட்டம். மகளுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "இந்தப் பெட்டிக்குள்ள ரெண்டு பேரும் என்னப்பா செய்வீங்க? ஒரு குளிர்காலம் பார்ப்போம். சரிப்பட்டு வரலைன்னா பேசாம எங்க வீட்டுக்கு வந்துடணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அவரும் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டார்.

வண்டியில் கட்டிலுக்கு அடியில் ஓர் அலமாரி. அதற்குள்ளே வெந்நீர்த் தொட்டி. பத்து லிட்டர் பிடிக்கும். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீலத் திருகு, அதன் கீழே ஒரு பொத்தான். பொத்தான் உள்ளே இருந்தால் தொட்டியில் தண்ணீர் நிற்கும். வெளியே வந்துவிட்டால் வண்டிக்கு அடியில் இருக்கும் குழாய் வழியாக முழுதும் வடிந்துவிடும். வண்டியை விற்றவர் அலமாரி முன்னால் குந்தி உட்கார்ந்து பாடம் நடத்தினார். முதலில் ஹீட்டரை நிறுத்து, தண்ணீர் ஆறட்டும், பம்பை நிறுத்து, வெந்நீர்க் குழாய்களை எல்லாம் திறந்து விடு, கடைசியாகப் பொத்தானை இழு. வருஷத்துக்கு ஒரு முறை வினிகர் ஊற்றி உப்புப் படிவைக் கழுவு. "இந்தப் பொத்தான்ல இன்னொரு விஷயம்..." என்று அவர் ஆரம்பித்தபோது, "தெரியும், தெரியும்" என்றார் மீட்டர்காரர். மீட்டர் பார்த்தவனுக்கா பொத்தான் தெரியாது? அந்த மனுஷரும் நமக்கென்ன என்று எழுந்து போய்விட்டார்.

முதல் வாரம் முழுக்க மீட்டர்காரர் தினமும் தொட்டியை வடிப்பதும் நிரப்புவதுமாக ஒத்திகை பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்குக் கை பழகிவிட்டது. பின்னால் வந்த வினையெல்லாம் இந்தப் பழக்கத்தால்தான்.

குளிர் ஏறிய ஒரு காலையில் குளிக்கக் குழாயைத் திறந்தார். புஸ் என்று காற்றுதான் வந்தது. அலமாரியைத் திறந்து பார்த்தால் பொத்தான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாலை தொட்டியை நிரப்பியது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததா? இருந்தது. வண்டிக்கு அடியில் சரளைக்கல் மேல் தண்ணீர் வடிந்து பாளமாக உறைந்து கிடந்தது. யாரோ வடித்திருக்கிறார்கள். வண்டிக்குள் இருப்பது இரண்டு பேர். அதில் ஒருத்திக்குக் குனிந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும்.

மறுநாள் தண்ணீர் இருந்தது. அதற்கு அடுத்த இரண்டு நாளும் இல்லை. அப்புறம் மறுபடி இருந்தது. அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பழைய பழக்கத்தில் ஒரு நோட்டுப் போட்டார். 'மாலை 5.20. பொத்தான் உள்ளே. தொட்டி நிறைவு.' காலையில் அதற்குக் கீழே, 'பொத்தான் வெளியே. தொட்டி காலி.' என்ன கிழமை, என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்குப் படுத்தோம் என்று சகலத்தையும் எழுதினார். ஒரு வேளை வாழைப்பழம் சாப்பிட்ட நாளில்தான் காலியாகிறதோ என்று வாழைப்பழத்தைக்கூட நிறுத்திப் பார்த்தார். வெளியே எவ்வளவு குளிர் என்பதை மட்டும் எழுதவில்லை.

இன்னொரு கணக்கும் மனசுக்குள் ஓடியது. அதை நோட்டில் எழுதத் துணிச்சல் வரவில்லை. அவருடைய அண்ணனுக்கு இந்த வயதில்தான் ஆரம்பித்தது. அடுப்பைப் பற்ற வைத்ததை மறந்தார், பிறகு விற்றுவிட்ட வீட்டின் சாவியைத் தேடினார், கடைசியில் தம்பியைப் பார்த்தே "மீட்டர் பார்க்க வந்தீங்களா?" என்று கேட்டார். அந்த மறதிதான் தனக்கும் வந்துவிட்டது என்று மீட்டர்காரர் பயந்தார். பழகிய கை தானாகப் போய்ப் பொத்தானை இழுக்கிறது, தலைக்கு அது தெரிவதில்லை என்று முடிவு கட்டினார். மகள் காதுக்குப் போனால் கேரவனும் போச்சு, கடற்கரையும் போச்சு. அவள் வீட்டுச் சின்ன அறையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மனைவியிடம்கூட வாயே திறக்கவில்லை.

ஒரு நாள் அலமாரி முன்னால் நின்று, "ஹீட்டர், ஆறணும், பம்ப், குழாய், பொத்தான்..." என்று விரல் மடக்கிக்கொண்டிருந்தார். மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"என்னங்க தேடறீங்க?"

"ஒண்ணும் தேடலையே."

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அன்று சாயங்காலம் அவர் பால் வாங்க மறந்து வெறுங்கையோடு வந்தார். திட்டுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"பரவாயில்லங்க. நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றாள்.

கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் வாயால் அவர் கேட்டதில்லை. தொட்டி காலியானதைவிட இது அவரை அதிகமாகக் கலக்கியது. அன்றிலிருந்து அவள் அவரைத் திட்டவே இல்லை. குழாயில் தண்ணீர் வராத காலைகளில் ஏன் என்று கேட்காமல் அடுப்பில் சுட வைத்துக் கொடுத்தாள். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தால் சிரிக்காமல் சரி செய்துவிட்டாள். ஏன் இப்படி என்று கேட்கவும் அவருக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. மனைவி துணி காயப்போடும் கொடியிலிருந்து இரண்டு கிளிப்புகளை எடுத்து, பொத்தானை உள்ளே அழுத்தி, வெளியே வர முடியாதபடி மாட்டிவிட்டார். தன் கையே வந்தாலும் கிளிப்பைக் கழற்ற வேண்டுமே, அந்த நேரத்தில் நினைவு வந்துவிடாதா? நோட்டில் 'கிளிப் 2' என்று எழுதிவிட்டு, வழக்கம்போல ஹீட்டரை நிறுத்திவிட்டு நிம்மதியாகப் படுத்தார்.

காலையில் ஜன்னல் கண்ணாடியில் உட்பக்கமும் பனி கட்டியிருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தார். கிளிப் மாட்டியது மாட்டியபடி. பொத்தான் உள்ளே. ஜெயித்துவிட்டோம் என்று குழாயைத் திறந்தார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை, காற்றும் வரவில்லை. வெயில் ஏறியதும் அலமாரிக்குள்ளிருந்து தண்ணீர் பம்பின் வேகத்தில் மேலே பீறிட்டு மெத்தையை நனைத்தது. தொட்டி ஓரமாக வாய் பிளந்திருந்தது.

மத்தியானம் மெக்கானிக் வந்து அலமாரிக்குள் தலையை விட்டார். வெளியே வந்தபோது அவர் கையில் இரண்டு கிளிப்புகள்.

"இதை யாரு சார் மாட்டினது?"

மனைவி கணவரைப் பார்த்தாள். பொய் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. "நான்தான்."

"எதுக்கு?"

"பொத்தான் வெளிய வரக் கூடாதுன்னு."

"வெளிய வரணும்னுதானே சார் அதை வச்சிருக்காங்க! குளிர் ரொம்ப ஏறினா அது தானா திறந்துக்கும். தண்ணி உறைஞ்சு டேங்க் வெடிக்கக் கூடாதுன்னு தானா காலி பண்ணிக்கும். நீங்க அதைக் கட்டிப் போட்டுட்டீங்க."

"தானாவா?"

"தானாத்தான்."

"யாரும் கை வைக்காமலா?"

"கை எதுக்கு சார்?"

"அப்போ போன வாரம் காலியானது?"

"குளிர்தான் சார்!" மெக்கானிக்குக் கொஞ்சம் எரிச்சலே வந்துவிட்டது.

மீட்டர்காரர் வண்டிப் படியில் போய் உட்கார்ந்தார். மெத்தை நனைந்துவிட்டது, தொட்டி பிளந்துவிட்டது, அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "அழாதீங்க சார், வேற டேங்க் போட்டுடலாம்" என்று மெக்கானிக் தோளைத் தட்டிவிட்டு, சாமான் எடுத்துவரப் போனார்.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்களே வடிச்சிட்டு மறந்துடறீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

"உங்க அண்ணன் மாதிரின்னு... போன வாரமே பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். அவ சின்ன ரூமை ஒழிச்சு வச்சிட்டா."

பிறகு அவள் போனை எடுத்து மகளை அழைத்தாள். "அந்த ரூம்ல உன் சாமானையே திரும்பப் போட்டுக்கம்மா. உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. டேங்க்தான் போச்சு" என்றாள். போனை வைத்தவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். மடக்கு மேஜை ஆடாமலிருக்க அவர் அதன் காலுக்குக் கொடுத்திருந்த ஒரு தடித்த புத்தகத்தை உருவினாள். மேஜை சாய்ந்து, அதன் மேலிருந்த டம்ளர் உருண்டது. அதைச் சட்டை செய்யாமல் வந்து புத்தகத்தை அவர் மடியில் போட்டாள். கேரவனோடு வந்த விளக்கப் புத்தகம். அட்டையைத் திறந்ததுமே நீலத் திருகும் பொத்தானும் படமாக இருந்தன.

"படிக்கத் தெரியும்ல? ஊரு வீட்டு மீட்டரெல்லாம் படிச்ச மனுஷனுக்குத் தன் வீட்டு டேங்கைப் படிக்கத் தெரியல! விக்கிற ஆள் சொல்ல வந்தா தெரியும் தெரியும்னு ஒரு தலையாட்டல்! என் கிளிப் ரெண்டைக் காணோம்னு நான் கொடி கொடியாத் தேடறேன், இவர் பொத்தானுக்கு மாட்டி வச்சிருக்கார்! போன வாரம் பால் எங்க? இப்போ இந்த மெத்தையை யார் காய வைக்கறது? உங்க கடற்கரையா வந்து காய வைக்கும்?"

அத்தனை நாள் பாக்கியும் மொத்தமாக வந்து விழுந்தது. மீட்டர்காரர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். மூச்சு வாங்குவதற்காக அவள் நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றார் அவர்.