பாதி காணாமல்போன தட்டணுக்கள்

மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை அறையில் இருபத்தெட்டு ஆண்டுகளாக வேலை பார்த்தவளுக்கு 'எறும்பு எண்ணி' என்று பட்டப்பெயர். இயந்திரம் கொடுத்த எண்ணை அப்படியே எழுதி அனுப்புவது மற்றவர்களின் வழக்கம். அவள் மட்டும் அதே நோயாளியின் பழைய எண்ணைத் தேடி எடுத்துப் பக்கத்தில் எழுதிப் பார்ப்பாள். முன்னே பின்னே தெரியாத எண்ணை நம்பக் கூடாது என்பாள்.

அக்காவின் கணவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து அன்று ஏழாம் நாள். படுத்த படுக்கையில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போட்டு வந்தார்கள். காயத்தை அடைக்கும் தட்டணுக்கள் காலையில் ஒரு லட்சத்து அறுபதாயிரம். ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனால்தான் இயந்திரம் வாய் திறக்கும். ஆனால் ஊசி தொடங்குமுன் அவை மூன்று லட்சத்து நாற்பதாயிரம். அவள் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, நுண்ணோக்கியில் தன் கண்ணாலேயே எண்ணினாள். இயந்திரம் பொய் சொல்லவில்லை.

தாளோடு மாடியேறினாள். அளவுக்குள்தானே இருக்கிறது என்றார் டாக்டர்.

"அளவுக்குள்ளதான் டாக்டர். ஆனா பாதியக் காணோம். எங்க போச்சு?"

டாக்டர் தாளை மறுபடி பார்த்தார். எழுந்து வார்டுக்கு நடந்தார். அத்தானின் இடது கெண்டைக்கால் வீங்கிச் சுட்டது. ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உலை. ஹெப்பாரினை அந்த நிமிடமே நிறுத்தி வேறு மருந்து ஏற்றினார்கள்.

உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தா உறைய வைத்தது? டாக்டர் விளக்கினார். மருந்து தட்டணுக்களின் புரதம் ஒன்றோடு ஒட்டிக்கொள்ள, உடலின் எதிர்ப்பு சக்தி அந்த ஜோடியைப் பகையென்று எண்ணி ஆயுதம் செய்கிறது. அந்த ஆயுதம் உசுப்பிவிட்டதில் தட்டணுக்கள் கும்பலாக ஒட்டித் தீர்கின்றன. வெள்ளை அணுக்களோ, தம் உட்கருவுக்குள் சுருட்டி வைத்திருக்கும் டி.என்.ஏ. இழையையே பிரித்து வலையாக வீசுகின்றன. கிருமி பிடிக்கிற வலை அது. தட்டணுக்கள் அதில் சிக்கிக் கட்டி இறுகுகிறது.

அவள் கீழே வந்து நுண்ணோக்கியில் குனிந்தாள். கோடிக்கணக்கில் எண்ணியிருப்பாள் இந்த வெள்ளை அணுக்களை. தான் யார் என்று எழுதியிருக்கும் சொந்த ஏட்டையே அவிழ்த்து எறிந்து ஊரைக் காக்கிற காவல்காரன் அவற்றுக்குள் இருக்கிறான் என்று தெரியாமல் எண்ணியிருக்கிறாள். அன்று வெகுநேரம் எண்ணவே தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மருந்தை மாற்றிய ஆறாம் நாள் தட்டணுக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டின. வீக்கம் வடிந்தது. எழுந்து நிற்கலாம் என்றார்கள்.

"ஏன் கொழுந்தியா, என் ஒடம்புக்கே என்னப் பிடிக்கலயா?" என்றார் அத்தான்.

"பிடிக்காமலா ஒங்க ரத்தத்துக்குள்ள அத்தன பேரு உசுரக் குடுத்தாங்க? ஆள் தெரியாம அடிச்சிட்டாங்க அத்தான், அவ்வளவுதான்."

அவர் தன் காலையே சற்று நேரம் புதிதாகப் பார்த்தார். பிறகு அக்காவின் தோளைப் பற்றிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களுக்கு வலித்துவிடுமோ என்பதுபோல், அதை மெல்லத் தரையில் ஊன்றினார்.