தென்துருவத்து ஸ்பிரிட் மணம்

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் ஒரு நூதனசாலையின் நிலவறையில் எனக்கு வேலை. கப்பல்கள் தென்துருவக் கடலடியில் வலைபோட்டு அள்ளிவந்த உயிர்கள் ஸ்பிரிட் போத்தல்களில் ஊறிக் கிடக்கும். அவற்றை எடுத்து இனம் பிரிக்க வேண்டும். என் பங்குக்கு வந்தது ஒரு ஹைட்ராய்ட். பார்த்தால் காய்ந்த கொத்தமல்லிக் காம்பு. உண்மையில் அது பிராணி. ஒரு தண்டில் எத்தனையோ வாய்கள், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே வயிறு. ஒரு வாய் பிடித்த இரை எல்லாருக்கும் போய்ச் சேரும். வெம்பிளியில் அண்ணை வீட்டில் ஏழெட்டுப் பேர் ஒரே சட்டிச் சோற்றில் வாழ்ந்த காலம் என்பதால் எனக்கு இது உடனே விளங்கிவிட்டது.

ஒரே கரைச்சல் அந்த மணம்தான். கை, தலைமயிர், கோட் எல்லாம் ஸ்பிரிட் மணக்கும். ட்ரெயினில் என் பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அது ஒருவகையில் வசதி.

அந்த நேரம் லண்டனின் மறுகோடியில், தோர்ண்டன் ஹீத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையோடு ஒரு கலியாண வீட்டில் கொஞ்சம் கதைத்திருந்தேன். பிடித்திருந்தது, மறைப்பானேன். ஒரு நாள் அவருடைய தாய் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். நான் வேலையால் வந்து நுழைந்ததும் மூக்கைச் சுருக்கினார். தேத்தண்ணியைத் தொடவில்லை. வாசலில் அண்ணையிடம் மெல்லக் கேட்டது என் காதிலும் விழுந்தது.

“தம்பி, இது குடிக்கிற பிள்ளையோ?”

அண்ணை கடல், ஆராய்ச்சி, போத்தல் என்று விளக்கினார். போத்தல் என்ற சொல்லோடு காரியம் கெட்டது. அன்று நன்றாக அழுதேன்.

அடுத்த கிழமை மாப்பிள்ளையே நிலவறைக்கு வந்தார். மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன்.

“இது செடிதானே?”

“இல்லை, சீவன்.”

சுவரிலிருந்த வரைபடத்தில், அது அகப்பட்ட இடங்களுக்கெல்லாம் நான் புள்ளி வைத்திருந்தேன். தென்துருவத்தின் இந்தப் பக்கமும் புள்ளி, அந்தப் பக்கமும் புள்ளி. பனிப்பாறைகள் உருகும்போது விழுத்திய கற்களில்தான் அது ஒட்டி வளரும். சுற்றிலும் வெறும் சேறு. குஞ்சு நீந்தாது. கொஞ்சம் ஊர்ந்து, தாய்க்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

“அப்ப எப்பிடி இவ்வளவு தூரம் போனது?”

“இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது.”

“எங்களைக் காசு வாங்கிக்கொண்டு லண்டனுக்குக் கடத்தின மாதிரி, ஏஜென்சிக்காரன் ஆரும் கொண்டுபோய் விட்டிருப்பான்” என்றார்.

போகும்முன், ஒரு போத்தலை மூடித் தருகிறேன் என்று சட்டைக்கை நிறைய ஸ்பிரிட்டை ஊற்றிக்கொண்டார். தவறுதலாகவா, வேண்டுமென்றா என்று இன்றுவரை வாய் திறக்கவில்லை. அன்று பின்னேரம் போன் வந்தது.

“அம்மா கதவடியிலயே மணந்து பிடிச்சிட்டா. நீயும் துவங்கிட்டியோ எண்டு கேட்டா.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“ஓம், இனி ரெண்டு பேரும் சேர்ந்துதான் எண்டன்.”

கலியாணம் முடிந்து தோர்ண்டன் ஹீத்துக்குப் போனேன். மாமி என் கோட்டைத் தனி ஆணியில் கொழுவ வைத்தார். தொண்ணூறுகளில் சர்க்கரை வியாதி அவருடைய கண்பார்வையை எடுத்துவிட்டது. நான் கதவைத் திறந்து வாய் திறக்கும் முன்பே, “வந்திட்டியோ பிள்ளை” என்பார். அந்த மணத்தை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். இப்போது அதற்கு மனம் ஏங்குகிறது.

பிறகு போத்தல்களை எல்லாம் வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். என்னை மேல்மாடியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருத்தினார்கள். முதல்நாள் வேலை முடிந்து, ஒரு மணமும் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். மாமி கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“ஆரது?” என்றார்.