புகையனின் குட்டி

குதிரைகளின் பிடரிமயிரை வேரோடு பிடுங்கி அனுப்பச் சொல்லி ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பதால், ஆய்வகத்தில் அவளுக்கு 'முடியக்கா' என்று பெயர். அந்த வேரிலிருந்து மரபணுவைப் பிரித்து, நாட்டுக் குதிரைக் குட்டிக்குத் தாய் எது, தகப்பன் எது என்று உறுதி சொல்வது அவள் வேலை. மரபணுவில் குறித்துவைத்த சில இடங்களைப் பார்ப்பாள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பாதி தாயிடமிருந்தும் மறுபாதி தகப்பனிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். "குதிரைக்குப் பொய் வராது, குதிரைக்காரங்களுக்குத்தான் வரும்" என்று சிரிப்பாள்.

அவள் புருஷனும் குதிரைக்காரன்தான். ஆய்வகத்தை ஒட்டிய அரசுப் பண்ணையில் புகையன் என்ற சாம்பல்நிறப் பொலிகுதிரையைப் பார்த்துக்கொண்டான். ஒரு வெள்ளத்தில் லாயத்துக்குள் தண்ணீர் ஏறவே, புகையனை மேட்டுக்குக் கொண்டுபோக ஆற்றுப்பாலத்தில் ஏறினான். பாலம் இடிந்தது. ஆளும் திரும்பவில்லை, குதிரையும் திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் அவளால் அழுது முடிக்கவும் முடியவில்லை. யாராவது கதவைத் தட்டினால் நெஞ்சு திக்கென்னும்.

ஆறேழு வருஷம் போனது. ஆற்றின் போக்கில் வெகுதூரம் தள்ளியிருந்த ஒரு தனியார் பண்ணையிலிருந்து குட்டி ஒன்றின் மயிர் வந்தது. தாய் பொருந்தியது. பண்ணைக்காரர் தகப்பன் என்று சொன்ன குதிரை பொருந்தவில்லை. ஆய்வகம் சேர்த்துவைத்திருந்த பொலிகுதிரைகளின் மரபணுப் பதிவுகள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டாள். ஒன்று மட்டும் ஓரிடம் விடாமல் பொருந்தியது. புகையன்.

மாதிரி மாறிப்போயிருக்கும் என்று மறுபடி வரவழைத்துச் செய்து பார்த்தாள். மறுபடியும் புகையன்தான். குட்டிக்கோ இன்னும் ஒரு வயதுகூட ஆகவில்லை.

விஷயத்தைக் கேட்ட தலைமை அதிகாரி, "நீங்க போக வேணாம்மா. வேற ஆளை அனுப்புறேன்" என்றார்.

"இல்ல சார். நானே போய்க் கேக்குறேன்."

குதிரை பிழைத்திருந்தால் ஆளும்? பேருந்தில் அந்த நினைப்பை அடக்க அடக்க அது மேலே மேலே வந்தது.

பண்ணையில் புகையன் நின்றிருந்தான். பிடரி நரைத்து, ஒரு பின்னங்கால் லேசாக இழுத்தது. அவள் யாரென்று தெரிந்ததும் பண்ணைக்காரர் தலை குனிந்தார்.

"வெள்ளம் வடிஞ்சதும் கரையில நின்னுச்சும்மா. யாரும் தேடி வரல. ஆசைப்பட்டு வெச்சுக்கிட்டேன். பிடுங்கிட்டுப் போயிடுவாங்கன்னு வேற குதிரை பேரைச் சொன்னேன்."

"கூட ஆள் யாரும்..."

"இல்லம்மா. கழுத்துல கயிறு மட்டும் கிடந்துச்சு. அந்து போன மாதிரி இல்ல. கத்தியால அறுத்த மாதிரி இருந்துச்சு."

புருஷன் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிப்பவன். இடுப்பில் எப்போதும் கத்தி இருக்கும். குதிரையாவது பிழைக்கட்டும் என்று அறுத்தானா, அது தன்னை இழுத்துக்கொண்டு போகிறதே என்று பயந்து அறுத்தானா? கேட்பதற்கு ஆளில்லை.

"மழை வந்தா ஆத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கும்மா," என்றார் அவர் மெதுவாக. "கனைக்கும், காதை நிமித்திக்கிட்டு நிக்கும், மறுபடி கனைக்கும். யாரோ பதில் சொல்ற மாதிரி."

அவள் புகையனின் கழுத்தில் முகம் புதைத்து அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள்.

குட்டியின் தகப்பன் புகையன் என்றே சான்றிதழ் கொடுத்தாள். புகையனை அரசுப் பண்ணைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இப்போதெல்லாம் மழை பிடித்தால் ஆய்வகத்தில் யாரும் அவளைத் தேடுவதில்லை. அவள் லாயத்தில், அந்தக் கிழக் குதிரையின் பக்கத்தில், ஆற்றுப் பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பாள்.