தங்கையன் கேட்ட வடம்

ராணி நாடாண்ட காலத்தில் எங்கள் ஊர்க் குளத்து வேலைகளுக்கு நான் தலைவன். எனக்கிருந்த தகுதிகள் இரண்டு: பெரிய மீசை, அதைவிடப் பெரிய வாய்.

மடை திறக்கும் நாளில், தண்ணீருக்குள் முங்கித் திறக்கும் தங்கையன் கரையிலேயே நின்றான்.

"அண்ணாச்சி, மடைக்கல்லு இளகிக் கெடக்கு. இடுப்புல வடம் கெட்டணும்."

"ஏலே, முங்க வந்தியா, தொட்டில் கெட்டி ஆட வந்தியா?"

கரையே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே முங்கினான். சரிந்த கல் அவன் காலைப் பிடித்துக்கொண்டது. உடலைத்தான் எடுத்தோம்.

"அவன் சொன்னது நெசம்னு உங்க யாருக்கும் தெரியாதாலே?" என்று கரையில் நின்றவர்களிடம் கத்தினேன்.

"எல்லாருக்கும் தெரியும் அண்ணாச்சி," என்றான் ஒருவன். " சொன்னா எங்களையும் பாத்து ஊரைச் சிரிக்க வச்சிருப்பீரு."

இப்போது என்னை மட்டுமே கேலி செய்கிறேன். யாராவது "அண்ணாச்சி" என்று தயங்கினால் வாயை மூடிக்கொண்டு அவர் சொல்வதைக் கேட்கிறேன். தங்கையனுக்கு அது உதவாது.