மெம்பர் துரை கை கொடுத்தார்

"நமக்காகப் பேசறதுக்கு அங்க ஒருத்தரு இருக்காரு" என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை ஓயாமல் பேசியவர் என் தங்கையின் புருஷன்.

நாங்கள் காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துக்காரர்கள். பட்டு நெசவு. தங்கையைப் புதுச்சேரியில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை நம் ஜனம்தான் என்றாலும் அவர் வீட்டில் அப்பா காலத்திலேயே தறியை விட்டுவிட்டார்கள். அவருக்கு அங்கே துணி மில்லில் வேலை. காஞ்சிபுரம் இங்கிலீஷ்காரன் கையில், புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில். ஒரே பாஷை, ஒரே குலதெய்வம். நடுவில் மட்டும் ஒரு சுங்கச் சாவடி. தீபாவளிக்கு வரும்போது தங்கையின் மூட்டையை அங்கே அவிழ்த்துப் பார்ப்பார்கள்.

வந்தால் அவர் தறிக்குப் பக்கத்தில் மணைபோட்டு உட்கார்ந்து என் வீட்டுக்காரரைச் சீண்டுவார்.

"உங்களுக்கு என்ன இருக்குது சகலை? கலெக்டர் வருவாரு, குதிரை மேல உக்காந்துக்கினே பாப்பாரு, போயிடுவாரு. எங்களுக்கு ஓட்டு இருக்குது. மில்லுல கூலிக்கு நிக்கிறவனுக்கும் இருக்குது. பாரீசுல அவங்க நாட்டுச் சபையிலயே எங்க ஆளு ஒருத்தரு உக்காந்துக்கினு இருக்காரு, தெரியுமா?"

"உங்க ஆளுன்னா எந்த ஊருபா?"

"பாரீசு."

"புதுச்சேரிக்கு வந்து போயிக்கினு இருப்பாரா?"

"இதுவரைக்கும் வரலை."

என் வீட்டுக்காரர் சிரித்தபடி, ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தறியில் தள்ளுவார். மாப்பிள்ளை சிரிக்கமாட்டார். "சிரிக்காத சகலை. அவருக்கு நம்ம ஊரு தெரியணும்னு இல்லை. நம்ம சங்கடம் தெரிஞ்சாப் போதும். சபையில எழுந்து நின்னு ஒரு வார்த்தை கேட்டாருன்னா இங்க கவர்னர் வரைக்கும் பதில் சொல்லியாகணும்" என்பார். அவர் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் பிரெஞ்சு படித்தவர். அந்தச் சபையின் பேரை அந்தப் பாஷையிலேயே சொல்லுவார். சாமி பேரைச் சொல்வதுபோல இருக்கும்.

ஜெர்மன்காரனோடு முதல் பெரிய சண்டை முடிந்து சில வருஷங்களில் அங்கே ஒரு தேர்தல் வந்தது. மாப்பிள்ளை குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, ஓட்டுப் போடும் சாவடிக்குப் போயிருக்கிறார். உள்ளே உட்கார்ந்திருந்தவன் பேரைக் கேட்டுவிட்டு, "உன் ஓட்டு விழுந்துடுச்சு, போ" என்றிருக்கிறான்.

"நான் இங்க நிக்கிறேனே. என் ஓட்டை எவன் போட்டான்?"

இதைத்தான் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அவர் ஓட்டுப் போட வந்ததே பாரீசு சபையில் இருந்த அந்த மெம்பருக்குத்தான். அதையும் சொல்லியிருக்கிறார். "அவருக்குத்தாம்பா போட வந்தேன், என் கையால போட உடுங்க." வாசலில் அந்த மெம்பரின் கட்சிப் பெரியதனக்காரருடைய ஆட்கள் தடியோடு நின்றார்கள். இழுத்து வெளியே போட்டு அடித்தார்கள். வலது முழங்கை நொறுங்கியது. போலீஸ் தாணாவில், பார்த்தவன் எவனாவது இருந்தால் கூட்டிவா என்றார்கள். பார்த்தவர்கள் நிறையப் பேர். வந்தவர் ஒருவர்கூட இல்லை.

கட்டுப் போட்டும் எலும்பு சரியாகக் கூடவில்லை. கை மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டது. மில்லில் இனி வராதே என்றார்கள். தங்கை அவரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

கரையை வேறு நிறத்தில் நெய்து உடலோடு இணைக்கிற கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உடலை நெய்யும்போது எதிர்ப்பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். வழக்கமாகச் சின்னப் பையன்கள் செய்கிற வேலை. மீசை நரைக்கத் தொடங்கியிருந்த மனிதர் அந்த இடத்தில் உட்கார்ந்து இடது கையால் நாடா தள்ளினார். பார்க்கும்போதெல்லாம் என் பல் நறநறக்கும்.

எனக்கு இன்னும் தாங்காதது எதுவென்றால், அவருக்கு அந்த மெம்பர் மேல் துளி கோபமில்லை.

"அவரு பேரைச் சொல்லிக்கினு இவனுங்க ஆடற ஆட்டம் அவருக்குத் தெரியாது அக்கா. கடல் தாண்டி இருக்காரு. தெரிஞ்சா உடமாட்டாரு."

அப்படியிருக்கும்போதுதான் எங்களுக்குப் பட்டு கொடுக்கிற முதலாளி சொல்லி அனுப்பினார். புதுச்சேரி மெம்பர் துரை முதல்முறையாகக் கப்பலில் வந்திருக்கிறாராம். துரைசானிக்குக் கோயில் பார்க்க ஆசையாம். சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் கோயில் மண்டபத்துச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு முதலாளி வீட்டுக்குச் சேலை பார்க்க வருவார்களாம். தறியிலிருந்து அறுத்த அரக்குச் சேலையைக் கொண்டுவர வேண்டும். துரைசானிக்குக் கட்டிக் காட்ட ஒரு பெண்பிள்ளை வேண்டும், உன் சம்சாரத்தைக் கூட்டிவா என்று என் வீட்டுக்காரருக்கு உத்தரவு.

மாப்பிள்ளை அன்று முழுதும் சாப்பிடவில்லை. புதுச்சேரியில் அந்த மனிதரைச் சுற்றி கட்சிக்காரர்கள் வேலிபோல நின்றிருப்பார்கள். இங்கே வேலி இல்லை. "பாத்தியா, தானா வராரு" என்று தங்கையிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் காலையில் சேலை மூட்டையை அவரே இடது கையில் தூக்கிக்கொண்டு எங்களோடு நடந்தார்.

முதலாளி வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். துரை வயதானவர். சிவந்த முகம், நல்ல மனிதர் முகம். அதைச் சொல்லத்தான் வேண்டும். துரைசானி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கூடவே மொழிபெயர்க்கப் புதுச்சேரியிலிருந்து ஒரு ஆள். கோட்டும் தலைப்பாகையும். அவனைப் பார்த்ததும் மாப்பிள்ளை ஒரு நொடி நின்றுவிட்டார்; அவன் அந்தப் பெரியதனக்காரரின் ஆள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிறகு மூட்டையைக் கீழே வைத்தார்.

நான் துரைசானியின் தோளில் முந்தானையைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் மாப்பிள்ளை பேசுவது கேட்டது. துரையின் முன் கைகூப்ப முடியாமல் இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தமிழில் நிதானமாகச் சொன்னார். தன் பேர், தன் மில், ஓட்டுச் சாவடி, தடி, முழங்கை. எதையும் கூட்டவில்லை. முதலாளி என் வீட்டுக்காரரை முறைத்தார். கோட்டுக்காரன் கேட்டு முடித்து, துரையிடம் பிரெஞ்சில் இரண்டே வார்த்தை சொன்னான். துரை தலையாட்டிச் சிரித்தார்.

மாப்பிள்ளையின் முகம் கறுத்தது. அவர் தானே பிரெஞ்சில் பேசத் தொடங்கினார். முதலில் திக்கியது. பிறகு ஓடியது. சட்டைக் கையை மேலே தள்ளி முழங்கையைக் காட்டினார். எனக்கு ஒரு எழுத்துப் புரியாது. முந்தானையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்கள் விரிந்தன. துரைசானியிடம் ஏதோ சொன்னார், அவள் "ஓ!" என்றாள். துரை எழுந்து வந்து மாப்பிள்ளையின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். தோளில் தட்டிக்கொடுத்தார். இன்னும் சில வார்த்தை பேசினார். பிறகு எல்லோரும் மோட்டாரில் ஏறிப் போய்விட்டார்கள்.

நான் பூரித்துப்போனேன். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. "கை குடுத்தாரே தம்பி! எழுந்து வந்து குடுத்தாரே! எல்லாருக்கும் குடுப்பாரா?" அவர் எனக்கு முன்னால் நடந்தார். வீட்டு வாசலில் தங்கை நின்றாள்.

"என்ன சொன்னாருங்க?"

அவர் செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"அந்த ஆளு, நான் துரையைப் பாத்துக் கும்பிட்டுப் போக வந்தேன்னு சொன்னான். அதான் நானே பேசினேன்."

"அப்புறம்?"

"நான் பேசற பிரெஞ்சு ரொம்ப நல்லா இருக்குதாம். எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சேன்னு கேட்டாரு."

"கையி?"

"பாத்தாரு. உள்ளூர்க்காரங்களுக்குள்ள வர சண்டையில நான் தலையிடறது இல்லை, நீங்களே பேசித் தீத்துக்கங்கன்னாரு. பாரீசுல எப்பவும் உங்களைப் பத்திதான் பேசிக்கினு இருக்கேன்னும் சொன்னாரு."

செம்பைக் கீழே வைத்துவிட்டு, "நம்மளைப் பத்தி என்ன பேசுவாரு அக்கா?" என்று என்னைக் கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். எனக்கு அப்போதே செருப்பில்லாமல் ஓடி அந்த மோட்டாரை மறிக்க வேண்டும்போல இருந்தது. அது செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும்.

கொட்டத் தெரிந்தவனிடம் கோபித்துக்கொள்ளலாம். தேளென்று தெரியும், மிதிக்கலாம். சிரித்த முகத்தோடு எழுந்து வந்து கைகுலுக்கியவனை என்ன செய்வது? தடி எடுத்தவன்கூட மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் அடித்தான். இந்த மனிதர் அதைக்கூடச் செய்யவில்லை.

சாயங்காலம் முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது. வந்த இடத்தில் வழக்குப் பேசுகிறவனை இனி கூட்டிவராதே என்று கண்டிப்பு. கூடவே ஒரு பெருமையும் சொல்லி அனுப்பியிருந்தார்: சேலை துரைசானிக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம், பாரீசு வீட்டு ஜன்னலுக்குத் திரையாகத் தொங்கவிடப் போகிறாளாம். என் வீட்டுக்காரர் கால் வலிக்கத் தறி மிதித்து நெய்த சேலை. கரையில் பாதி மாப்பிள்ளையின் இடது கை தள்ளியது.

"நீயாவது சொல்லக்கூடாதா, முதலாளி கிட்ட?" என்று என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னன்னு சொல்றது? நாளைக்குப் பட்டு குடுக்கலைன்னா உலையில என்னத்தைப் போடுவே? அது அவங்க ஊரு விவகாரம்மா."

அவரோடு பல நாள் பேசவில்லை. சோறு வைப்பேன், பேசமாட்டேன்.

அடுத்த தேர்தல் வந்தபோது மாப்பிள்ளை புறப்பட்டார். தங்கை காலைப் பிடித்து அழுதாள். "இன்னொரு கையும் போவணுமா?" என்றாள். நான் தடுக்கவில்லை. கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, "போயிட்டு வா தம்பி" என்றேன். அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். அவர் போய் மூன்றாம் நாள் திரும்பினார். உடம்பில் அடி இல்லை. இந்தத் தடவை எவனும் தொடவில்லை. பேரைக் கேட்டு, "விழுந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். அந்தி சாயும்வரை வாசலிலேயே நின்றிருந்துவிட்டு ரயிலேறி வந்துவிட்டார். வேட்டியை மாற்றிக்கொண்டு தறியின் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சபையின் பேரை அவர் சொல்லிக் கேட்டதில்லை. சாகும்வரை காஞ்சிபுரத்திலேயே இருந்தார்.

அந்தத் தேர்தல் நடந்த மாதமே மாப்பிள்ளையின் பெரியப்பா மகன் ஒரு கல்யாணத்துக்காகப் புதுச்சேரியிலிருந்து வந்தான். எங்கள் வீட்டுக்கும் எட்டிப் பார்த்தான். கையில் ஒரு மிட்டாய்ப் பொட்டலம்.

"நம்ம மெம்பரே மறுபடியும் ஜெயிச்சிட்டாரு அக்கா. தெருத்தெருவா குடுத்தாங்க, உங்களுக்கும் எடுத்தாந்தேன்."

உள்ளே நாடாச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. நான் பொட்டலத்தை வாங்கினேன். காலையில் தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்டிக்கொண்டிருந்த ஜனம் முழுதும் பார்க்க, அதைப் பிரித்துச் சாக்கடையில் கொட்டினேன்.

"திங்கிற பொருளைக் கொட்டலாமா?" என்று என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து கேட்டார்.

"கொட்டலாம்" என்றேன்.